ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை: 7 மாசம் சாப்பிட்டு முடிச்ச பாலக்கோட்டு பொண்ணோட ரிவ்யூ

வணக்கம்ங்க. எனக்கு ஊரு பாலக்கோடு, தர்மபுரியில ஒரு ஆடிட்டர் ஆபீஸ்ல டேலி போடுற வேலை, வயசு 25. போன வருஷம் பொங்கல் முடிஞ்ச கையோட முகப்பருவுக்காக இந்த மாத்திரையை ஆரம்பிச்சு ஆடி மாசம் முடியிற வரைக்கும் சாப்பிட்டேன், நிறுத்தி இப்போ வருஷம் ஒன்னு ஆகப்போகுது. மாத்திரைக்கெல்லாம் யாராவது ரிவ்யூ எழுதுவாங்களான்னு கேக்கலாம். நான் ஆரம்பிக்கிறப்போ ராத்திரி தூக்கம் வராம தமிழ்ல தேடித்தேடி பார்த்தேன்ங்க, ஒரு பக்கம் இது விஷம் தொடவே தொடாதீங்கன்னு பயமுறுத்துறாங்க, இன்னொரு பக்கம் ஒரே மாசத்துல முகம் கண்ணாடி மாதிரி ஆயிடும்னு சொல்றாங்க, சாப்பிட்ட ஒருத்தரு உக்காந்து முதல் நாள்ல இருந்து என்னென்ன ஆச்சுன்னு பொறுமையா சொன்னது எனக்கு கிடைக்கல. அதான் நான் எழுதுறேன், கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கங்க.

முதல்லயே சொல்லிடறேன். எனக்கு மாத்திரை வேலை செஞ்சுது, நல்லாவே வேலை செஞ்சுது, 5க்கு 4 ஸ்டார் தாராளமா குடுப்பேன். ஆனா அந்த 4 ஸ்டாரும் டாக்டரும் ரத்த டெஸ்ட்டும் கூடவே இருந்ததுக்குத்தான், நீங்களா மெடிக்கல்ல போய் பேரு சொல்லி வாங்கி போட்டீங்கன்னா அதே மாத்திரைக்கு ஒரு ஸ்டார் கூட கிடையாது. குறிப்பா கல்யாண பேச்சு நடக்குற வீட்டு பொண்ணுங்க, புதுசா கல்யாணம் ஆனவங்க, தயவுசெஞ்சு முழுசா படிங்க.

எனக்கு பரு வந்தது ஒன்பதாவது படிக்கும்போது. எல்லாருக்கும் வர்ற மாதிரி நெத்தியில நாலு கடுகு மாதிரி வந்து போற பரு இல்லைங்க. தாடை ஓரத்துலயும் ரெண்டு கன்னத்துலயும் உள்ளுக்குள்ள கோலிகுண்டு மாதிரி உருளும், தொட்டா உசுரு போற மாதிரி வலிக்கும், பழுக்கவும் பழுக்காது அமுங்கவும் அமுங்காது, மூனு வாரம் இருந்துட்டு ஒரு குழியை விட்டுட்டு போகும். ராத்திரி எந்த பக்கம் திரும்பி படுத்தாலும் வலி. எங்க வீட்ல தலகாணி உறை எல்லாம் வெள்ளையில நீலப்பூ போட்டது, என்னோடது மட்டும் காலையில பார்த்தா கன்னம் பட்ட இடத்துல எண்ணெய் வட்டமும் நடுவுல ரத்தமும் சீழும் காஞ்ச புள்ளியும் இருக்கும், அம்மா எதுவும் பேசாம அதை மட்டும் தனியா ஊற வைக்கும். அப்புறம் ஒரு தீபாவளிக்கு அம்மாவே மெரூன் கலர் உறை ரெண்டு வாங்கிட்டு வந்து என் தலகாணிக்கு போட்டுச்சி. ஏன்னு நானும் கேக்கல, அம்மாவும் சொல்லல.

பஸ்ல போறப்போ இடது கன்னம்தான் ரொம்ப மோசம்கிறதால அது ஜன்னல் பக்கம் வர்ற மாதிரி இடம் பார்த்துத்தான் உக்காருவேன். அந்த மாதிரி சீட் இல்லைன்னா பாலக்கோட்டுல இருந்து தர்மபுரி பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நின்னுக்கிட்டே போயிருக்கேன், எத்தனையோ நாள்.

வைத்தியத்துக்கு குறைவே இல்லை. ஆயா உடம்பு சூடுன்னு சொல்லி வெந்தயம் ஊற வச்ச தண்ணி குடுத்துச்சி, பெரியம்மா கஸ்தூரி மஞ்சளும் வேப்பிலையும் அரைச்சு போடச்சொன்னாங்க, பக்கத்து வீட்டு அக்கா டூத்பேஸ்ட் வைக்கச்சொல்லி அது தோலை பொசுக்கி விட்டுச்சி. அவங்க எல்லாம் பாசத்துல சொன்னவங்க, நான் குறை சொல்லல. ஆனா ஒன்னு மட்டும் இன்னும் மனசுல இருக்கு. மாம்பழம் சூடு, மாம்பழம் தின்னாத்தான் பரு வருதுன்னு ஒன்பதாவதுல இருந்து எனக்கு மாம்பழத்தை நிறுத்திட்டாங்க. கிருஷ்ணகிரி பக்கத்துல பொறந்து வளர்ந்தவ நான், சித்திரை வைகாசி வந்தா ரோட்டுல போனாலே மாம்பழ வாசனை, கூழ் ஃபேக்டரி வாசல்ல டிராக்டர் டிராக்டரா நிக்கும், வீட்ல எல்லாரும் பெங்களூராவையும் செந்தூராவையும் நறுக்கி வச்சு சாப்பிடும்போது நான் மட்டும் எழுந்து போயிடுவேன். பத்து வருஷம் அப்படி. பரு குறைஞ்சுதான்னா ஒன்னு கூட குறையல.

காலேஜ் ரெண்டாவது வருஷம்தான் பெரிய தப்பு நடந்துச்சி. ஒரு மெடிக்கல்ல போய் பருவுக்கு ஏதாவது குடுங்கன்னு கேட்டேன், பேரு வேண்டாம் ஊரும் வேண்டாம், ஒரு சின்ன டியூப் குடுத்தாங்க. சத்தியமா சொல்றேன் பத்தே நாள்ல முகம் வெளுத்து மினுமினுன்னு ஆயிடுச்சி, ஹாஸ்டல்ல நாலு பேரு என்ன போடுறேன்னு கேட்டு அவங்களும் வாங்கினாங்க. அது ஸ்டீராய்டு கலந்த கிரீம். நாலு மாசம் கழிச்சு நிறுத்தினதும் முகம் முழுக்க செவந்து மிளகாத்தூள் தடவின மாதிரி எரிச்சல், வெயில்ல போக முடியாது, அடுப்பு பக்கம் நிக்க முடியாது, பரு முன்னைய விட ரெண்டு மடங்கு, கன்னத்துல மெல்லிசா ரத்தக்குழாய் தெரிய ஆரம்பிச்சுது. தாங்க முடியாம திரும்பவும் அதையே போட்டேன், உடனே அடங்குச்சி, நிறுத்தினா திரும்பவும் எரிச்சல். போதை மாதிரிதான் அது. இந்த மாதிரி ஸ்டீராய்டு கிரீமை எல்லாம் சீட்டு இல்லாம விக்கக்கூடாதுன்னு 2018லயே மத்திய அரசு ஆர்டர் போட்டிருக்குன்னு பின்னாடிதான் எனக்கு தெரிஞ்சுது. ஹாஸ்டல்ல என்னை பார்த்து வாங்கின நாலு பேருக்கும் அப்புறம் போன் போட்டு சொன்னேன்.

அதுக்கப்புறம்தான் தர்மபுரியில ஒரு ஸ்கின் டாக்டர், லேடி டாக்டர், அவங்ககிட்ட போனேன். (பணம் கஷ்டம்னா தர்மபுரி கவர்மெண்ட் மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரியில தோல் நோய்க்கு ஓபி இருக்கு, அங்க போங்க, டியூபுக்கு காசு செலவு பண்றதுக்கு அது எவ்வளவோ மேல்.) மேடம் எடுத்தவுடனே இந்த மாத்திரையை எழுதிடல. முதல்ல அந்த கிரீமை கொஞ்சம் கொஞ்சமா நிறுத்த வச்சாங்க, அப்புறம் டாக்ஸிசைக்ளின்னு ஒரு ஆன்டிபயாடிக் மாத்திரை மூனு மாசம், பரு மேல பூச ராத்திரிக்கு அடாபலீன் ஜெல், காலையில பென்சாயில் பெராக்ஸைடு. அந்த பென்சாயில் பெராக்ஸைடு துணியில பட்டா சாயத்தை எடுத்துடும், அம்மா ஆசையா வாங்கின மெரூன் உறை ரெண்டும் ஆரஞ்சு திட்டு திட்டா போயிடுச்சி. மேலாப்புல இருந்த பரு எல்லாம் குறைஞ்சுது, உள்ளுக்குள்ள உருளுற கட்டி மட்டும் அசையவே இல்லை. புதுசா குழி விழுந்துக்கிட்டே இருக்கு, இனிமே தள்ளிப்போட வேண்டாம்னு சொல்லி மேடம் ஐசோட்ரெட்டினாயின் பத்தி பேசினாங்க.

இது வைட்டமின் ஏ குடும்பத்தை சேர்ந்த மருந்து. நம்ம தோலுக்கு அடியில எண்ணெய் சுரக்குற சுரப்பி இருக்கு இல்லைங்களா, அதையே சுருக்கி விட்டுடுது. எண்ணெய் குறைஞ்சா அந்த எண்ணெயை தின்னு வளர்ற கிருமிக்கு சாப்பாடு இல்லை, துவாரத்துல செத்த தோல் அடைச்சுக்கறதும் குறையுது, வீக்கமும் வத்துது. மத்த மருந்தெல்லாம் இதுல ஒன்னு ரெண்டு வேலைதான் செய்யும், இது நாலையும் செய்யுதுன்னு மேடம் ஒரு பேப்பர்ல படம் போட்டு காட்டினாங்க. அமெரிக்காவுல 1982லயே அனுமதி கிடைச்ச மருந்தாம், புதுசா வந்து நம்ம மேல பரீட்சை பண்றது ஒன்னும் இல்லை.

அன்னைக்கு என்கூட அம்மா வந்திருந்துச்சி. மேடம் ரத்த டெஸ்ட் எழுதினாங்க, லிவரு, கொழுப்பு, எல்லாம் எழுதிட்டு கடைசியா யூரின் பிரெக்னன்சி டெஸ்ட்னு எழுதினாங்க. அம்மா முகம் அப்படியே கறுத்துடுச்சி. "மேடம், கல்யாணம் ஆகாத பொண்ணுங்க இது, இந்த டெஸ்ட்டு எதுக்குங்க"ன்னு கேட்டுச்சி, குரலே வெளிய வரல. எனக்கு எழுந்து ஓடிடலாம் போல இருந்துச்சி. மேடம் கோபப்படல, பேனாவை மூடி வச்சுட்டு அம்மா பக்கம் திரும்பி உக்காந்தாங்க. "உங்க பொண்ணு மேல சந்தேகம் இல்லைம்மா. என் பொண்ணா இருந்தாலும் இந்த டெஸ்ட் எடுக்காம இந்த மாத்திரையை குடுக்க மாட்டேன். வயித்துல கரு இருக்கறப்போ இது உள்ள போனா குழந்தைக்கு காது, முகம், இதயம், மூளை எல்லாம் கோளாறா பொறக்கலாம், கருவே கலைஞ்சும் போகலாம். அதனால வயசுக்கு வந்த எல்லா பொண்ணுங்களுக்கும் ஒரே ரூல்தான்"னாங்க. அப்புறம் நேரா கேட்டாங்க, வீட்ல மாப்பிள்ளை பாக்குறீங்களான்னு.

பாத்துக்கிட்டுதான் இருந்தாங்க. காரிமங்கலம் பக்கம் ஒரு இடம் பேசி சித்திரையில முடிச்சிடலாம்னு கூட அப்பா சொல்லிக்கிட்டு இருந்தாரு. மேடம் தெளிவா சொல்லிட்டாங்க, மாத்திரை சாப்பிடுற வரைக்கும் உண்டாகவே கூடாது, நிறுத்தின அப்புறம் இன்னும் ஒரு மாசம் முழுசா உண்டாகக்கூடாது, அவசரமா கல்யாணம் பண்றதா இருந்தா இப்போ மாத்திரை வேண்டாம், மாத்திரை வேணும்னா கல்யாணத்தை தள்ளி வைங்க, ரெண்டுல ஒன்னு முடிவு பண்ணிட்டு வாங்க, கல்யாணம் ஆனவங்களா இருந்தா கருத்தடை கட்டாயம்னு சொல்லியிருப்பேன்னாங்க. அம்மா அப்பவும் மனசு ஆறாம கேட்டுச்சி, "பின்னாடி குழந்தை பொறக்காம போயிடுமாங்க?" அதுக்கு மேடம், மருந்து உடம்புல தங்காது, நிறுத்தி ஒரு மாசம் தாண்டி உண்டாகுற குழந்தைக்கு ஒன்னும் ஆகாது, அந்த பயமே வேண்டாம்னாங்க. அம்மா வீட்டுக்கு வர்ற வரைக்கும் பஸ்ல ஒரு வார்த்தை பேசல. மறுநாள் காலையில அப்பாகிட்ட "தையில பாத்துக்கலாம், இந்த வருஷம் வேண்டாம்"னு சொல்லிடுச்சி. என் வாழ்க்கையில எனக்காக எங்க அம்மா செஞ்ச பெரிய காரியம் அதுதான்னு நான் நினைக்கிறேன்.

அமெரிக்காவுல 2006ல இருந்து ஐபிளெட்ஜ்னு ஒரு ஏற்பாடு இருக்காம், டாக்டரு, கடை, சாப்பிடுறவங்க எல்லாரும் பேரு பதியணும், கர்ப்பம் ஆகக்கூடிய பொண்ணுங்களுக்கு டெஸ்ட் ரிசல்ட் இல்லாம கடையில மாத்திரையே கைக்கு வராது. நம்ம ஊர்ல அந்த மாதிரி பூட்டு எதுவும் இல்லைங்க. சீட்டு இருந்தாத்தான் குடுக்கணும்னு சட்டம், ஆனா சீட்டு கேக்காம எடுத்து குடுத்த கடையை நானே பார்த்திருக்கேன், ஒரு தடவை பழைய ஸ்ட்ரிப்பை காட்டினேன், எத்தனைன்னு மட்டும் கேட்டாங்க. அதனாலதான் திரும்ப திரும்ப சொல்றேன், இங்க நாமதான் பாத்துக்கணும்.

டோஸ் கணக்கு நம்ம எடையை வச்சுத்தான். எனக்கு அப்போ 50 கிலோ. ஒரு கிலோவுக்கு மொத்தம் 120 மி.கி. வர்ற மாதிரி குடுக்கணும்னா 6000 மி.கி. உள்ள போகணும்னு மேடம் சீட்டு பின்னாடி எழுதி காட்டினாங்க. முதல் மாசம் தினம் 20 மி.கி., அதுல 600 ஆச்சு, அப்புறம் ஆறு மாசம் தினம் 30, அது 5400. ஆளுக்கு ஆள் இது மாறும், என் கணக்கை பார்த்து யாரும் உங்களுக்கு போட்டுக்காதீங்க.

மாத்திரை பாக்க மீன் எண்ணெய் கேப்ஸ்யூல் மாதிரி மெத்துன்னு இருக்கும், கடிக்காம முழுசா முழுங்கணும். இதுல நான் ஆரம்பத்துல ஒன்னு சரியா செய்யல. எங்க வீட்ல ராத்திரிக்கு பெரும்பாலும் கேவுரு களியும் கீரை குழம்பும்தான். அதோட போட்டுக்கிட்டு இருந்தேன். ரெண்டாவது விசிட்ல மேடம் என்ன சாப்பாட்டோட போடுறேன்னு கேட்டு, அதுல எண்ணெய் கொழுப்பு எங்கம்மா இருக்குன்னாங்க. இந்த மருந்து கொழுப்போட போனாத்தான் உடம்புல சரியா ஏறும், வெறும் வயித்துல போறதுக்கும் கொழுப்பு சாப்பாட்டோட போறதுக்கும் ரெண்டு மடங்குக்கு மேலயே வித்தியாசம் வருமாம். அன்னைல இருந்து அம்மா களிக்கு கடலை சட்னி கெட்டியா அரைச்சு வைக்கும், இல்லைன்னா ஒரு முட்டை, இல்லைன்னா ஒரு ஸ்பூன் நெய். எங்க காட்டு கடலைதான், அதுவும் மருந்து மாதிரியே ஆயிடுச்சி அந்த ஏழு மாசமும்.

மூனாவது வாரத்துல முகம் இன்னும் மோசமாச்சு. இதை முன்னாடியே சொல்லியிருந்தாங்க, இருந்தாலும் கண்ணாடியில பார்த்தப்போ அழுதுட்டேன். அஞ்சாவது வாரம் வரைக்கும் உள்ள இருந்த கட்டி எல்லாம் வரிசையா மேல வந்து உடைஞ்ச மாதிரி இருந்துச்சி, ஆபீஸ்ல மாஸ்க் போட்டுத்தான் உக்காந்திருந்தேன். நிறைய பேரு இங்கதான் நிறுத்திடறாங்கன்னு நினைக்கிறேன். நிறுத்தாதீங்க, ஆனா டாக்டருக்கு போன் பண்ணி சொல்லுங்க, எனக்கு பத்து நாளைக்கு வேற ஒரு மருந்து சேர்த்து குடுத்தாங்க.

அடுத்தது உதடு. இதுல இருந்து யாரும் தப்பிக்க முடியாது போல. ரெண்டாவது வாரமே காய ஆரம்பிச்சு, மாசம் ஒன்னு ஆகறப்போ வெங்காயத்தோல் மாதிரி உரிஞ்சு உரிஞ்சு வரும், இழுத்தா ரத்தம். வாயோரம் ரெண்டு பக்கமும் வெடிச்சு கொட்டாவி விட முடியல, புளிக்குழம்பு பட்டா கண்ணுல தண்ணி வந்துடும், பானிபூரி எல்லாம் மறந்தே போச்சு. வாசனை போட்ட கலர் லிப்பாம் எதுவும் நிக்கல, சாதா பெட்ரோலியம் ஜெல்லி டப்பாதான் நின்னுச்சி. ஹேண்ட்பேக்ல ஒன்னு, ஆபீஸ் டிராயர்ல ஒன்னு, தலைமாட்டுல ஒன்னு, மாமூலா மூனு டப்பா. மூக்கும் உள்ள காஞ்சு நாலஞ்சு தடவை ரத்தம் வந்துச்சி, அங்கயும் ராத்திரி அதையே லேசா தடவச்சொன்னாங்க, நின்னுடுச்சி. கண்ணு மண்ணு விழுந்த மாதிரி உறுத்தும், நாள் பூரா கம்ப்யூட்டர்ல வேலைங்கிறதால சொட்டு மருந்து எழுதி குடுத்தாங்க. இருட்டுனா கண்ணு சரியா தெரியாம போகலாம் வண்டி ஓட்டாதன்னு சொல்லியிருந்தாங்க, அதனால ஸ்கூட்டியை சாயங்காலத்துக்கு மேல தொடல. முதுகு வலி இருந்துச்சி, அது பஸ்ஸாலயா மாத்திரையாலயான்னு தெரியல, மாத்திரை நிறுத்தினதும் போயிடுச்சி.

வெயிலு. நம்ம ஊரு பங்குனி சித்திரை வெயிலை நான் சொல்லணுமா. தோலு மெலிசாகி பத்து நிமிஷத்துல சுருக்குனு எரியும். காட்டுல தக்காளி பறிக்க போறப்போ எல்லாம் என்னை கூப்பிடாம விட்டுட்டாங்க, சன்ஸ்கிரீனும் குடையும் இல்லாம நான் வாசல் தாண்டல.

ரத்த டெஸ்ட்ல மூனாவது மாசம் லிவரு நார்மல், டிரைகிளிசரைடுன்னு ரத்தத்துல இருக்குற ஒரு வகை கொழுப்பு மட்டும் 210க்கு ஏறி இருந்துச்சி, 150க்குள்ள இருக்கணும். சாயங்காலம் ஆபீஸ் வாசல்ல போண்டா பஜ்ஜி, ஸ்வீட் கடையை பார்த்தா ஜாங்கிரி, இதெல்லாம் அப்பவே நிறுத்தச்சொன்னாங்க, அடுத்த மாசம் 160. நானா வாங்கி போட்டிருந்தா அந்த 210 எனக்கு தெரிஞ்சே இருக்காது, அது 500, 600ன்னு ஏறினா கணையத்துக்கே ஆபத்தாம். வைட்டமின் ஏ மாத்திரை எதுவும் சேர்த்து சாப்பிடக்கூடாது, டாக்ஸிசைக்ளினும் இதுவும் சேர்ந்தா மூளைக்குள்ள பிரஷர் ஏற வாய்ப்பு இருக்குன்னு அதை முழுசா நிறுத்தின பிறகுதான் இதை ஆரம்பிச்சாங்க. ரத்த தானமும் குடுக்கக்கூடாது, நிறுத்தி ஒரு மாசம் வரைக்கும், நம்ம ரத்தம் போய் மாசமா இருக்குற ஒருத்தருக்கு ஏறிடக்கூடாதுன்னு. புருவம், மீசை வாக்ஸிங்கும் கிடையாது, தோலோட வந்துடும்.

மனசை பத்தியும் சொல்லணும். ஒவ்வொரு விசிட்லயும் மேடம் தூக்கம் எப்படி, அழுகை வருதா, வாழ்க்கை வேண்டாம்னு தோணுதான்னு கேப்பாங்க. எனக்கு அந்த அளவுக்கு எதுவும் வரல, நாலாவது மாசம் ஒரு ரெண்டு வாரம் மட்டும் எதுலயும் பிடிப்பு இல்லாம இருந்தேன், அண்ணிகிட்ட சொன்னேன், அண்ணி மேடம்கிட்ட சொன்னாங்க, கவனிச்சுக்கிட்டே இருந்தாங்க, சரியாச்சு. உங்களுக்கு அப்படி ஏதாவது தோணினா அடுத்த விசிட் வரைக்கும் காத்திருக்காதீங்க, அன்னைக்கே வீட்ல ஒருத்தர்கிட்டயும் டாக்டர்கிட்டயும் சொல்லிடுங்க.

இப்போ நல்ல விஷயத்துக்கு வரேன். நாலாவது மாசம் கடைசியில ஒரு நாள் காலையில முகம் கழுவும்போது கை தாடை ஓரத்துல போச்சு, எதுவும் உருளல. ரெண்டு பக்கமும் தடவி தடவி பார்த்தேன். பதினோரு வருஷமா அந்த இடத்துல எப்பவும் ஏதாவது ஒன்னு இருந்துக்கிட்டே இருந்துச்சி, அன்னைக்கு வெறும் எலும்புதான் கையில தட்டுப்பட்டுச்சி. துண்டை எடுக்காம அப்படியே நின்னுட்டேன், அம்மா வந்து என்ன கண்ணுன்னு கேட்டுச்சி, கையை பிடிச்சு என் தாடையில வச்சேன். போன் ஸ்கிரீன்ல கன்னம் வச்சு பேசினா முன்னாடி எண்ணெய் அப்பிக்கும், அது சுத்தமா நின்னுடுச்சி. தலையும் எண்ணெய் வடியாம வாரத்துக்கு ஒரு தடவை குளிச்சா போதும்னு ஆயிடுச்சி. அந்த வருஷ சீசன்லயே மேடம்கிட்ட மாம்பழம் சாப்பிடலாமான்னு கேட்டேன், தாராளமா சாப்பிடும்மா யார் வேண்டாம்னு சொன்னதுன்னு கேட்டாங்க. வீட்டுக்கு வந்து ஒரு செந்தூரா பழத்தை தோலோட கடிச்சு சாப்பிட்டேன். உதட்டு வெடிப்புல சாறு பட்டு எரிஞ்சுது, விடல.

ஆடி பதினெட்டுக்கு சொந்தக்காரங்களோட ஒகேனக்கல் போனோம், அங்க எல்லாரும் எண்ணெய் மசாஜ் பண்ணிக்கிட்டு குளிக்க போனாங்க, அத்தை என்னையும் இழுத்தாங்க, நான் மாத்திரை முடியட்டும் அத்தைன்னு சொல்லிட்டு கரையில உக்காந்து மீன் வறுவல் மட்டும் சாப்பிட்டேன். அப்போ எடுத்த குரூப் போட்டோவுல நான் இடது கன்னம் தெரியிற மாதிரி நிக்கிறேன், நானா போய் அந்த பக்கம் நின்னேன்.

ஏன் ஒரு ஸ்டார் குறைச்சேன்னா, விழுந்த குழி விழுந்ததுதான். மாத்திரை புதுசா வராம தடுக்கும், பழைய குழியை தூக்கி விடாது, அதுக்கு தனியா வைத்தியம் இருக்கு, அதையும் மாத்திரை நிறுத்தி கொஞ்ச காலம் விட்டுத்தான் ஆரம்பிக்கணும். சிவப்பு தழும்பு தானா மங்கிக்கிட்டு வருது. இப்பவும் மாசத்துல அந்த நாளுக்கு முன்னாடி ஒன்னு ரெண்டு சின்ன பரு வரும், ரெண்டு நாள்ல போயிடும். சில பேருக்கு கொஞ்ச நாள் கழிச்சு பழையபடி திரும்பி வந்து ரெண்டாவது கோர்ஸ் எடுக்க வேண்டி வருமாம், அதையும் தெரிஞ்சுக்கிட்டு ஆரம்பிங்க. செலவு எனக்கு மாத்திரை, டெஸ்ட்டு, டாக்டர் ஃபீஸ், ஜெல்லி, சன்ஸ்கிரீன் எல்லாம் சேர்த்து ஏழு மாசத்துக்கு 16,000 கிட்ட ஆச்சு. சம்பளம் கம்மியா இருக்குறவங்களுக்கு இது பெரிய தொகைதான், ஆனா அதுக்கு முந்தின பத்து வருஷம் கிரீமு, ஃபேஸ்வாஷு, பவுடருன்னு கொட்டினதை கணக்கு போட்டா இதை விட அதிகம் வரும்.

கடைசியா ஒன்னு, இதுக்காகத்தான் இன்னைக்கு உக்காந்து எழுதவே ஆரம்பிச்சேன். கோர்ஸ் முடிஞ்சப்போ என்கிட்ட 20 மி.கி. ஸ்ட்ரிப்ல ஆறு மாத்திரை மீந்துச்சி, பீரோவுல வச்சவ அப்படியே மறந்துட்டேன். என் பெரியம்மா மக, காவேரிப்பட்டணத்துல கட்டிக்குடுத்து மூனு மாசம்தான் ஆகுது, அவளுக்கும் என்னை மாதிரியே தாடையில கட்டி. போன ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வந்தவ என் முகத்தை பார்த்துட்டு, "அந்த மாத்திரை இருந்தா எனக்கும் குடுடி, ஆறு நாள் போட்டு பாக்குறேன், நல்லா இருந்தா அவரை விட்டு கடையில வாங்கிக்கிறேன்"னு கேட்டா. நான் முடியாதுன்னேன். அவளுக்கு கோபம், இவ மட்டும் அழகா இருக்கணும்னு நினைக்கிறான்னு பெரியம்மாகிட்ட சொல்லிட்டா, பெரியம்மாவும் முகம் குடுத்து பேசல. ராத்திரி அவளை மாடிக்கு தனியா கூட்டிக்கிட்டு போய் மேடம் அம்மாகிட்ட சொன்னதை அப்படியே சொன்னேன், காது, முகம், இதயம்னு. பீரியட்ஸ் வந்து கடைசியா எப்போ தலைக்கு குளிச்சேன்னு அவகிட்ட கேட்டேன். விரல் விட்டு எண்ணிப்பார்த்தா, நாப்பத்தி ஒரு நாள் ஆச்சுன்னா. அப்புறம் ரெண்டு பேரும் பேசவே இல்லை.

அந்த ஆறு மாத்திரையையும் இனி வீட்ல வச்சிருக்க மாட்டேன், நாளைக்கு மேடம் கையிலயே குடுத்துடப் போறேன். அவளுக்கும் நாளைக்கு பதினோரு மணிக்கு டோக்கன் போட்டிருக்கேன், முதல்ல பிரசவம் பாக்குற லேடி டாக்டர், அப்புறம்தான் ஸ்கின் டாக்டர்.